இன்னாத்துக்கு அக்கா

சாமான்களை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு, அவற்றை விற்காமலிருக்க இவ்வளவு பாடுபட்ட ஒரு வியாபாரியை ஜவ்வாது மலையில் மட்டுமல்ல, கீழே சமவெளியிலும் நான் பார்த்ததில்லை. புதூர்நாட்டுப் பக்கம் ஆற்றோரமாக இருந்த அந்தச் சின்ன ஊரில், ஒரே மளிகைக் கடை அவருடையது. ரேஷன் அட்டையில் ஏதோ ஒரு பேர் இருந்தது. ஊருக்கு அவர் ‘இன்னாத்துக்கு அக்கா’. யார் எதைக் கேட்டாலும் கை தராசுக்குப் போகாது. முதலில் கேள்விதான் வரும். “இன்னாத்துக்கு?”

அவர் கடையை ஒட்டிய அறையை வாடகைக்குப் பிடித்து நான் ஜெராக்ஸ் கடை போட்டேன். முதல் நாளே அவரிடம் ஒரு பூட்டு கேட்டேன்.

“இன்னாத்துக்கு?”

“கடைய பூட்டத்தாங்க்கா.”

“உள்ள இன்னா கீது?”

“ஜெராக்ஸ் மிஷின்.”

“அத ஜீப்புலேர்ந்து எறக்கவே நாலு பேரு முக்கினீங்க. எவன் தூக்கினு போவப்போறான்? கம்பிய போட்டு முறுக்கிட்டு போ.”

பூட்டு என் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கிருந்த ஆறு வருஷமும் எனக்குக் கம்பிதான். திருடன் யாரும் வரவில்லை. ஒருநாள் ஓர் ஆடு கதவை நெட்டித் தள்ளி உள்ளே புகுந்து, யாருடையதோ வருமானச் சான்றிதழைத் தின்றுவிட்டது.

“பாத்தீங்களா, பூட்டு இருந்தா இப்டி ஆவுமா?” என்றேன்.

“ஆட்டுக்காரன வரச்சொல்லு. அவனுக்கு கவுறு தர்றேன்” என்றார்.

வாணியம்பாடியிலிருந்து முகப்பூச்சு விற்கிற பிரதிநிதி ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். “இன்னாத்துக்கு?” என்றார் அக்கா.

“பூசினா மொகம் வெள்ளையாவுங்க.”

“வெள்ளையாயி?”

பிரதிநிதி டையைத் தளர்த்தினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் வேறு ஆள் வந்தார். பழையவர் வேலையை விட்டுவிட்டு ஊரில் மாடு வாங்கிவிட்டாராம்.

ஊர்க்காரர்கள் பதிலைத் தயார் செய்துகொண்டுதான் கடைப்படி ஏறுவார்கள். புது மாப்பிள்ளை ஒருவர் ஒரேயொரு வாசனை சோப்புக்காக, கேள்விக்குப் பயந்து ஆலங்காயம் வரைக்கும் பஸ்ஸில் போய் வந்தார். பாவம், பஸ் நிற்கிற இடமே அக்கா கடை வாசல்தான். “கையில இன்னா பொட்டலம்?” என்று அங்கேயே பிடித்துக்கொண்டார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். “வாங்கினு போயி வூட்ல சும்மா கெடந்தா அது சாமானில்ல, குப்ப. குப்ப விக்கவா கடை வெச்சேன்?” என்றார்.

ஓர் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. தரைப்பாலம் முழுகிப்போனது. அக்கரையில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் மாட்டிக்கொண்டன. வீட்டில் சாமை இருக்கிறது, தண்ணீர் வடியட்டும் என்று எல்லாரும் சும்மா இருந்தோம். அக்கா மட்டும் காலையிலிருந்து கடைக்கும் கரைக்குமாக நடந்தார்.

“அக்கரையில எட்டு மாசக் கொழந்த கீது. தாய்க்குப் பாலில்ல. செவ்வாக்கெழம ஒரு பால் பவுடர் டப்பா வாங்கினா. நேத்தே தீந்துருக்கும்” என்றார்.

ஊரில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கேள்வி கேட்டு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தானே.

கடையிலிருந்த நைலான் கயிற்றுச் சுருளை அவரே பிரித்தார். பாறைகளுக்கு நடுவே ஆறு குறுகுகிற இடத்தில், நுனியில் கல்லைக் கட்டி நான்கைந்து பேர் மாறி மாறி வீசினோம். ஏழாவது வீச்சில் அக்கரைக்காரர்கள் பிடித்து மரத்தில் கட்டினார்கள். மூடி போட்ட வாளிக்குள் டப்பாவை வைத்துக் கயிற்றில் தொங்கவிட்டோம். கல்லோடு சேர்த்து வீசியிருந்த இன்னொரு கயிற்றால் அவர்கள் வாளியை இழுத்தார்கள்; திரும்ப இழுக்க ஒரு கயிறு எங்கள் கையில் இருந்தது. நடு ஆற்றில் கயிறு தொய்ந்தது. வாளியைத் தண்ணீர் ஒரு அடி அடித்தது. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. வாளி ஆடியது, சாய்ந்தது, பிறகு எழுந்து போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அக்கா பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர்தான் என்று பிறகு சொன்னார்.

அதற்குள் அக்கரையிலிருந்து ஒரு பெரியவர் கையைக் குவித்துக் கத்தினார். “ரெண்டு கட்டு பீடி அனுப்புக்கா.”

அக்கா எழுந்தார். ஆற்றின் இரைச்சலையும் தாண்டி அவர் குரல் போனது. “இன்னாத்துக்கு?”

இரண்டு கரையும் சிரித்தது. “குளுருதுக்கா” என்றார் பெரியவர். ஒரு கட்டு பீடியும், கேட்காத சுக்கும் வெல்லமும் வாளியில் போயின.

மகளின் படிப்புக்காக நான் ஆலங்காயத்துக்கு இறங்கி வந்து நாளாகிறது. இங்கேயும் ஜெராக்ஸ் கடைதான், வியாபாரம் பரவாயில்லை. ஆனால் மலைப்பக்கம் மேகம் கறுத்தால் முதலில் அக்காவுக்குத்தான் போன் போடுகிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவர் எடுக்கிற வரைக்கும், வந்து நிற்பவர்கள் தாளை நீட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.