கட்டையைத் தட்டிப் பார்ப்பவர்

நீலகிரியில் விறகு எரியும் ஊர் எதுவானாலும் அங்கே விறகு நிபுணர் ஒருவர் இருப்பார். காட்டுமாட்டைப் பார்க்கவாவது தேயிலைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். இவரைப் பார்க்க அதுகூட வேண்டாம். வாசலில் ஒரு வண்டி விறகை இறக்குங்கள், தானாக வருவார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மஃப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டு, குவியலை ஒருமுறை சுற்றுவார். ஒரு கட்டையை உருவி விரல் முட்டியால் தட்டுவார், காதருகே வைத்துக் கேட்பார், வெட்டுவாயை முகர்வார், பட்டையை நகத்தால் கிள்ளுவார், பிறகு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். இந்தச் சும்மா இருத்தல்தான் முக்கியம். விறகு வாங்கியவரின் தைரியம் அதற்குள் போய்விடும்.

கற்பூர மரமா? யூகலிப்டஸ், தைலம் எடுக்கிற எண்ணெய் மரம், ஆட்டமாய் ஆடிவிட்டு அணைந்துபோகும். சில்வர் ஓக்கா? தேயிலைக்கு நிழல் கொடுக்கப் பிறந்ததை அடுப்பில் வைப்பது பாவம். சைப்ரஸா? பொறி பறக்கும், வேட்டி ஓட்டையாகும். பைனா? அது விறகே இல்லை, பாத்திரத்துக்குக் கரி பூசும் சாதனம். சீகைதான், இங்கிலீஷில் வாட்டில் என்கிற மரம்தான், விறகு. அதுவும் வடக்குச் சரிவில் வளர்ந்த சீகை. அது எங்கே கிடைக்கும்? இப்போதெல்லாம் கிடைப்பதில்லை. கிடைக்காத விறகைப் புகழ்வதில் ஒரு வசதி, யாரும் அதைக் கொண்டுவந்து எரித்துக் காட்டப் போவதில்லை.

கேத்திப் பள்ளத்தாக்கை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் இந்தப் பதவியை வகிப்பவர் வேலாமணி. தேயிலை ஃபாக்டரியில் முப்பது வருஷம் வருகைப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். விறகைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "தேயில காய வெக்கிற டிரையர் ரூமுக்குப் பக்கத்து ரூமுங்க என்னுது" என்பார். முப்பது வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் விறகு எரிந்திருக்கிறது. போதாதா?

போன ஐப்பசியில் பாண்டியராஜ் தன் மகள் ரஞ்சனிக்குக் கல்யாணம் வைத்தார். கேரட் ஏற்றும் டெம்போ ஓட்டுகிறவர். பத்தாவது மைல்கல்லிலேயே பதினோராவது மைல்கல்லை நினைத்துக் கவலைப்படுகிற மனிதர். கவலைப்படக் காரணமும் இருந்தது. மாப்பிள்ளை வீடு கூடலூர் பக்கம் ஸ்ரீமதுரை. மாப்பிள்ளையின் தாய்மாமன் சுடலை, நிச்சயத்தன்று காபியில் சர்க்கரை குறைவு என்று முகம் சுளித்து, தட்டு மாற்றுவதை அரை மணி நேரம் தள்ளிப்போட வைத்தவர்.

கல்யாணம் எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில். அங்கே விறகடுப்புதான். சமையலுக்கு அருவங்காட்டிலிருந்து சின்னம்மை வந்திருந்தாள். நானூறு கல்யாணம் சமைத்த கை. வாய் அதிகம் பேசாது. முந்தின நாள் மதியமே ஒரு லோடு கற்பூர விறகு, நன்றாகக் காய்ந்தது, பார்த்து இறக்கியிருந்தாள். மூன்று மணிக்கு வேலாமணி வந்தார்.

சுற்றினார். தட்டினார். முகர்ந்தார். கண்ணை மூடினார்.

"பாண்டி, இதுலயா சமைக்கப் போறீங்க?"

"ஏனுங்ண்ணா, என்னங்க?" பாண்டியராஜின் குரல் அப்போதே பாதியாகிவிட்டது.

"ஒண்ணுமில்ல. எண்ணெய் மரம். சாம்பார்ல தைல வாசம் ஏறும். மத்தவங்க சாப்புட்டுப் போயிருவாங்க. அந்தச் சுடலைன்னு ஒருத்தர் வர்றாரே, அவருக்குத்தான் சொல்றேன்."

சின்னம்மை குறுக்கே வந்தாள். "நா இந்த வெறகுலதானுங்க இத்தன வருசமாச் சமைக்கறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் தைலம்னு சொன்னதில்லைங்க."

"சொல்ல மாட்டாங்கம்மா. மரியாதைக்கு முழுங்கியிருப்பாங்க."

அங்கே நின்றிருந்த நான் ஒரு கட்டையை எடுத்து முகர்ந்து பார்த்து, "லேசா வாசம் இருக்குதான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கையில் கட்டை இருந்தது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், வேறு காரணம் இல்லை.

ஒரு மணி நேரத்தில் கற்பூர விறகு திரும்பிப் போனது. கைகாட்டி முக்கில் டீக்கடை வைத்திருக்கும் ஒச்சப்பன் அதைப் பாதி வழியில் மறித்துத் தன் கடையில் இறக்கிக்கொண்டார். மண்டபத்துக்கு வேலாமணிக்குத் தெரிந்த ஆளிடமிருந்து சீகை வந்தது. அவர் ஒவ்வொரு கட்டையாகத் தட்டி, "கேளுங்க, மணி மாதிரி" என்றார். எனக்குக் கட்டை மாதிரிதான் கேட்டது. தலையாட்டினேன்.

காலை ஐந்தரைக்கு சின்னம்மை அடுப்பு மூட்டினாள். சீகை நல்ல விறகுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது வெட்டி மூன்று வாரம்கூட ஆகாத சீகை. அந்த மூன்று வாரமும் மழை. கட்டையின் நுனியில் நுரை தள்ளியது. உஸ்ஸென்று சத்தம் வந்தது. புகை வந்தது. தீ மட்டும் வரவில்லை. ஆறரைக்குள் மண்டபமே மூட்டத்துக்குள் போய்விட்டது. நாதஸ்வரக்காரர் இருமலுக்கு நடுவில் வாசித்தார். அண்டாவில் தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

வேலாமணி அசரவில்லை. "காத்து கெழக்காலருந்து அடிக்குது" என்றார். கதவைச் சாத்தினார்கள். "அடுப்புக்கு மூச்சு முட்டுது" என்றார். கதவைத் திறந்தார்கள். "கல்லு ஈரம்" என்றார். கடைசியில் தீக்குச்சியின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார்.

ரஞ்சனி பாதி பின்னிய சடையோடு பின்கட்டுக்கு ஓடி வந்தாள். கண் மை கரைந்திருந்தது. புகையா, அழுகையா, சொல்ல முடியாது. "மாமா, ஏழரைக்கு அவங்க வேன் வந்துரும். நீங்க சொல்லித்தானுங்க எங்கப்பா வெறக மாத்துனாரு. இப்ப என்னங்க பண்றது?"

"இன்னும் அரை மணி நேரம் குடு கண்ணு. சீகை மெதுவாத்தான் மனசு எறங்கும்."

பாண்டியராஜ் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு, ஊதாங்குழலை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஊதவில்லை. இருபத்துநாலு வருஷம் வளர்த்த பெண்ணின் கல்யாணம் ஒரு அண்டா வெந்நீரில் நின்றுபோகப் போகிறது என்று அந்த மனிதர் முடிவே கட்டிவிட்டார்.

அப்போதுதான் தெய்வம்மா எழுந்தாள். தெய்வம்மா, வேலாமணியின் மனைவி. வெற்றிலைத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள், பட்டுச்சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு நேராக சின்னம்மையிடம் போனாள்.

"மாவு எத்தன குண்டான் இருக்குதுங்க?"

"ஆறு."

"குடுங்க. ஊடு ஊடாப் பிரிச்சுக்கலாம்."

எங்கள் குடியிருப்பில் இருபத்தைந்து வீடு. அடுத்த கால் மணி நேரத்தில் கல்யாணத்துக்கு உடுத்தி வந்த அத்தனை பெண்களும் மாவுச் சட்டியோடும் பருப்போடும் படியேறி வீட்டுக்கு ஓடினார்கள். பதினெட்டு வீட்டில் இட்லி, ஏழு வீட்டில் சாம்பார். அளவும் பக்குவமும் அவரவர் இஷ்டம். என்னையும் தூக்குவாளியோடு துரத்தினார்கள். ஓடினேன், அந்தக் காலையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

வேன் வந்தது. டீ மட்டும் ஒச்சப்பன் கடையிலிருந்து ஆவி பறக்க வந்தது. திரும்பிப் போன கற்பூர விறகு அங்கே அருமையாக எரிந்துகொண்டிருந்தது, எங்களுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. சுடலை அந்த டீயை இரண்டு தம்ளர் குடித்தார். தைலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு மணிக்குப் பந்தி. இட்லி பதினெட்டு அளவில் இருந்தது. ஒருவர் இலையில் மூன்று தரம் சாம்பார் விழுந்தால் மூன்றும் வேறு வேறு ருசி. சுடலை முதல் வாய் வைத்தார். நிறுத்தினார். இன்னொரு வாளியைக் கூப்பிட்டார். அதையும் ருசித்தார். பாண்டியராஜ் பந்திக்குள் ஓடி வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி," என்றார் சுடலை, "காலை டிபனுக்கே இத்தன வகை சாம்பாரா?"

பாண்டியராஜ் முந்திக்கொண்டார். "ஏழு வகைங்க. எங்க பக்கம் அப்படித்தானுங்க."

"ஏழா!" சுடலை இலையைப் பார்த்தார். "எனக்கு அஞ்சுதான் வந்துருக்கு."

மிச்சம் இரண்டும் வந்தன. தாலி ஒன்பது மணிக்குச் சரியாக ஏறியது. மதியச் சமையலுக்கு ஒச்சப்பனே பாதி விறகைத் திருப்பிக் கொடுத்தார். சின்னம்மை மூட்டினாள், ஒரே குச்சியில்.

வேலாமணி? காலை டிபனின் இரண்டாவது பந்தியில் எனக்கு அடுத்த இலை. குறுகிப்போயிருப்பார் என்று நினைத்தேன். சாம்பாரை நாக்கில் உருட்டினார், கண்ணை மூடினார், கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"என்ன இருந்தாலும் சீகைத் தணல்ல வெந்த ருசி தனிங்க. நாக்குல நிக்குது பாருங்க."

தெய்வம்மா வாளியோடு எதிரில் நின்றாள். "ஏனுங்க, இது நம்ம ஊட்டு கேஸ் அடுப்புல வெச்சதுங்க. நம்ம ஊட்டு வெறகடுப்ப இடிச்சுப் பன்னண்டு வருசமாச்சு."

பந்தி முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. வேலாமணி இன்னொரு வாய் எடுத்து, நிதானமாக மென்று விழுங்கினார்.

"அதான் பாத்தேன்," என்றார். "கொஞ்சம் சூடு பத்தல."

தெய்வம்மா அவரைப் பார்த்தாள். பிறகு அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். முப்பத்தாறு வருஷத் தாம்பத்தியம் அந்த ஒரு கரண்டியில் இருந்தது.

நன்றாகச் சிரித்தீர்களா? சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். அடுப்பு பற்றாமல் சின்னம்மை தவித்துக்கொண்டிருந்தபோது, "கட்டையைச் சிறிதாகப் பிளந்து வைத்திருக்கலாமே", "இரண்டு காய்ந்த தென்னை மட்டையைச் சொருகியிருந்தால் பிடித்திருக்குமே" என்று உங்களுக்கு ஒரு யோசனை தோன்றியதல்லவா? வாசித்துக்கொண்டே அவளிடம் அதைச் சொல்லத் துடித்தீர்கள்தானே? அப்படியானால் அடுத்த முகூர்த்தத்தில் சமையல்கட்டுப் பக்கம் வராமல் முன்வரிசையில் உட்காருங்கள். அங்கே ஃபேன் போட்டிருப்பார்கள்.