மாஸ்டர் கடலில் குதித்த கதை

ரோலா, ஷார்ஜா.

இளந்தளிர் சிறுவர் கோடை முகாமின் முப்பதாம் ஆண்டு மலர் ஆசிரியர் திரு. ராஜிக் அவர்களின் மேலான பார்வைக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியார் பாஹிமா அவர்களும் குழந்தைகளும் இந்த ஜூன் மாத வெயிலில் ஏசி பழுதாகாமல் நலமாக வாழ வேண்டுகிறேன். நானும் நலமே. பழைய மாணவன் என்ற முறையில் என் இனிய நினைவுகளை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள். கூடவே, "மாஸ்டர் கடலில் குதித்து உங்களைக் காப்பாற்றிய சம்பவத்தை மறக்காமல் எழுதவும்" என்றும் சேர்த்திருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் இனிய நினைவுகள். விடுமுறைக்கு டிக்கெட் எடுத்து ஊருக்குப் போக முடிந்த பையன்கள் போய்விடுவார்கள். போக முடியாத எங்களை எங்கே கட்டிவைப்பது என்று அப்பா அம்மாக்கள் விழித்தபோது பிறந்ததுதான் நம் முகாம். வெளியே கால் வைத்தால் செருப்பு உருகும் என்பதால் எல்லாமே ஒரு பள்ளிக்கூட ஹாலுக்குள். டேபிள் ஃபேனில் சிவப்புத் தாளைக் கட்டிப் பறக்கவிட்டு, இதுதான் கேம்ப் ஃபயர் என்றார் சதீஷ்குமார் மாஸ்டர். நாமும் ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டே அதில் குளிர் காய்ந்தோம். இயற்கையை அறிவோம் என்று சூப்பர் மார்க்கெட்டின் காய்கறிப் பகுதியைச் சுற்றிக் காட்டினார். கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் சொன்ன தங்களுக்கு ஒரு பேட்ஜ் கிடைத்தது. நீச்சல் வகுப்போ பெஞ்சின் மேல். குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடிக்க வேண்டும். நான் நன்றாகவே அடித்தேன். முதல் பரிசு கொடுத்தார்கள்.

அந்தப் பரிசுதான் என்னைக் கொல்லப் பார்த்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோர்ஃபக்கான் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். "மணிமாறா, நீதான்டா நம்ம சாம்பியன். போ, நீந்திக் காட்டு" என்றார் மாஸ்டர். போனேன். ஹாலில் நீந்தியபோது அடியில் பெஞ்சு இருந்தது என்பது, கால் தரையைத் தொடாத இடத்துக்குப் போன பிறகுதான் உறைத்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி, காது அடைத்து, அம்மா என்று கத்த வாயைத் திறந்தால் அதற்குள்ளும் கடல். ஒரு கணம் தலை மேலே வந்தபோது கரையைப் பார்த்தேன். மாஸ்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். ராஜிக், நீயும் பக்கத்தில்தானே நின்றாய்? முழங்கால் நனையும் அளவுக்காவது இறங்கினாரா அந்த மனுஷன்? மனசைத் தொட்டுச் சொல்லு.

குதித்தது ஹசன் அலி. நம் பஸ் டிரைவர், பெஷாவர்க்காரர். நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், போட்ட சல்வாரோடு பாய்ந்து வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். மணலில் கவிழ்த்து முதுகில் அறைந்தார். "ரோ, பச்சா, ரோ!" அழு பிள்ளை, அழு என்று சொல்லிச் சொல்லி அவரே அழுதார். நான் வாந்தியெடுத்துக் கதறிய பிறகுதான் அவர் முகத்தில் உயிர் வந்தது. அப்போது மாஸ்டர் ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கா? "பாய், பஸ் சாவி கிதர்?" பஸ் சாவி எங்கேயாம்!

சாவி டிரைவரின் பையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போயிருந்தது. "சாவி மாஃபி, மாஸ்டர். பச்சா ஹே" என்றார் ஹசன் அலி. சாவி இல்லை, பிள்ளை இருக்கிறான். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னய்யா சொல்லணும்?

வேறு பஸ் வரும்வரை வெயிலில் வதங்கினோம். டிரைவர் சாவியைத் தொலைத்ததால்தான் தாமதம் என்று பெற்றோரிடம் சொன்னார் மாஸ்டர். என்னைத் தாமே நீந்திப் போய் மீட்டதாக அப்பாவிடம் சொன்னார். அப்பா கண்கலங்கி அவருக்குச் சால்வை போர்த்தினார். ஜூலை மாதம், ஷார்ஜாவில், சால்வை! "டிரைவர் மாமாதான்ப்பா" என்றேன். "தண்ணி குடிச்ச மயக்கம், பையன் உளர்றான்" என்றார் மாஸ்டர். மறுநாள் பஸ்ஸில் வேறு டிரைவர். ஹசன் அலி எங்கே என்றால், "கலாஸ், முடிஞ்சுது, நாட்டுக்கே அனுப்பியாச்சு" என்றார்கள். அந்த மனிதரிடம் ஒரு நன்றிகூடச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

ஆண்டு விழாதோறும் மாஸ்டரின் கதை வளர்ந்துகொண்டே போகிறது. இந்த வருஷம் சுறா வந்தாலும் வரும். ஆகவே ராஜிக், மலரில் என் பெயர் வரணும்னா ஹசன் அலி பெயரும் வரணும். ஓர் எழுத்துக் குறையாமல் போடு. இல்லையென்றால் விழா மேடையில் மைக்கைப் பிடுங்கி நானே சொல்லுவேன்.

தங்கள் குழந்தைகள் எல்லா நலமும் பெற்று, எப்போதும் கால் எட்டும் ஆழத்திலேயே குளித்து, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கடல் திருப்பித் தந்த
மணிமாறன்

பின்குறிப்பு: அனுப்பும் முன் இதை என் மனைவி அருணாவிடம் படித்துக் காட்டினேன். "எழுதுங்க, நல்லா எழுதுங்க. ஜூலை பூரா ரெண்டு பேரும் டூட்டிக்குப் போயிட்டா நம்ம பையனை யாருங்க பாத்துக்கிறது? டிக்கெட் என்ன விலை விக்கிதுன்னு பாத்தீங்களா? முதல்ல மாஸ்டருக்குப் போன் போட்டு முகாம்ல இடம் கேளுங்க" என்றாள். போட்டேன். மாஸ்டர் அன்பொழுகப் பேசினார். பையனுக்கு இடம் உண்டாம். நீச்சல் வகுப்பும் உண்டாம். எதன் மேல் என்று நான் கேட்கவில்லை. "மலருக்கு நம்ம கோர்ஃபக்கான் கதையை எழுதிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். எழுதிவிட்டேன் சார் என்றேன். எனவே தாங்கள் அருள்கூர்ந்து மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம். என் பெயரில் இந்த ஒரு வரி போதும்: "அன்று மாஸ்டர் கடலில் குதித்து என்னைக் காப்பாற்றினார்." ஹசன் அலி மலரைப் படித்து வருத்தப்படப் போவதில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது.