கண்ணளவு

குளியலறைக் கதவு பாதி திறந்ததும் புது வாஷ்பேசினில் இடித்து நின்றது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துகாட்டினார்.

"வழி தாராளமாத்தான் இருக்கு," என்றார் உள்ளேயிருந்து.

வெளியே மகள் கையை நீட்டியபடி நின்றாள். பந்தயம் அப்படி. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்பது அவள் கட்சி. எந்தச் சந்திலும் பஸ்ஸை நுழைத்த கண்ணாக்கும் இது, அளவுநாடாவும் துணையும் இல்லாமல் தனியாகக் கடைக்குப் போய் பேசின் எடுத்துக்காட்டுகிறேன், பொருந்தாவிட்டால் கார் சாவி உனக்கு என்று சவால் விட்டவர் அவர்தான்.

"சாவியைக் குடுங்கப்பா."

"பேசின் மேல தப்பு இல்ல. கதவு மேலதான்."

பேசினைப் பொருத்த வந்திருந்த பிளம்பர் தலையைச் சொறிந்துகொண்டே கதவைக் கழற்றி, வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினார். அது பிரிஜ்ஜில் இடித்தது. பிரிஜ் படுக்கையறைக்குப் போனது. அங்கிருந்த கட்டில் கூடத்துக்கு வந்தது. சோபா நகர்ந்துபோய் வாசலை அடைத்துக்கொண்டது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்று மனைவி முணுமுணுத்தாள். அப்புறம் பேசினின் முன்விளிம்பைத் தடவினாள்.

"இங்க எதுக்குங்க இப்படிப் பள்ளமா இருக்கு?"

"ஷேவ் பண்றப்போ தாடையை வச்சுக்க. புது மாடல்."

"ரோஸ் கலரா எடுத்தீங்க?"

கடையில் வெள்ளையாகத்தான் இருந்த ஞாபகம். ஆனால் வெளிச்சம் ஏமாற்றும், அவர் கண் ஏமாற்றாது.

"பார்த்துப் பார்த்து எடுத்தது," என்றார்.

அப்போது கடையின் டெலிவரி ஆள் வாசலில் சோபாவுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பெட்டி மாறிப்போச்சு சார். உங்களோடது இதுல பாதிதான் இருக்கும், வண்டியில இருக்கு. இது பியூட்டி பார்லருக்குப் போக வேண்டியது."

டிரைவரின் முதுகு நிமிர்ந்தது. சட்டைப்பையிலிருந்த சாவியைத் தட்டிக்காட்டினார்.

"கேட்டியாம்மா? என் அளவு அளவுதான். நான் எடுத்தது கதவுல இடிச்சிருக்கவே இடிச்சிருக்காது."

மகள் நீட்டியிருந்த கையை மெல்ல மடக்கினாள்.

டெலிவரி ஆள் குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"அளவெல்லாம் கரெக்ட்தான் சார். ஆனா நீங்க எடுத்த வெள்ளை பேசினுக்குப் பதிலா, தலை கழுவிக்கிறவங்க கழுத்து வைக்கிற பள்ளத்தோட ரோஸ் கலர்ல ஒண்ணு வந்து நிக்குதே, அது உங்க கண்ணுக்குத் தெரியவே இல்லையா?"