டாக்டர்தான் கொலைகாரன்

பாதி படித்தவனால் ஊருக்குத் தொல்லை இல்லை. பாதி படித்துவிட்டு முழுதும் படித்தது போலப் பேசுகிறவனால்தான் தொல்லை. நான் இரண்டாம் ரகம்.

பிரெஞ்சுக்காரர்கள் போன புதிதில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தேன். ஏழாம் வகுப்போடு நின்ற படிப்பு, மூன்று ஊர்களில் விட்ட வேலைகள், இரண்டு வேட்டி. படுக்கை ரயிலடியில். ஒரு சினிமாக் கொட்டகை மேனேஜர் (ஊரே அவரை ‘முசே’ என்றுதான் கூப்பிடும்; பிரெஞ்சில் ‘ஐயா’) ஜட்காவில் போய்த் தகரக் குழாயில் கூவி நோட்டீஸ் வீசும் வேலை கொடுத்தார்.

“மொத நாள் மாட்னி நெறைஞ்சா வேலை நெரந்தரம். கொட்டாயிலயே படுத்துக்கலாம்.”

படம், பேர்போன ஒரு மர்ம நாவலைத் தழுவியது. பண்ணையாரைக் கொன்றது யார் என்பதுதான் கதை. அந்த நாவலை நான் படித்திருந்தேன். (பழைய பேப்பர் கடைப் பிரதி. கடைசிப் பதினாறு பக்கம் எனக்கு முன்பே கடலை மடிக்கப் போய்விட்டது. அதனாலென்ன? கொன்றவர் குடும்ப டாக்டர்தான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.)

ஜட்கா தேங்காய்த்திட்டு மீனவர் குப்பத்துக்குள் நுழைந்தபோது மீன் ஏலம் முடிகிற நேரம். அஞ்சலையம்மாள் என்ற மீன்காரம்மா குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்பா, கொன்னது யாரு?”

“படத்துல பாருங்கம்மா.”

“இவனுக்கே தெரியாதுடி!”

கூட்டம் சிரித்தது. ரயிலடித் தரை என் முதுகில் உறுத்தியது. தகரக் குழாயை வாயில் வைத்தேன். “எனக்கா தெரியாது? முழுப் புஸ்தகமும் படிச்சவன். டாக்டர்தான்!”

மாட்னிக்குத் தரை டிக்கெட் முழுக்க மீன்கூடைகள். திரையில் டாக்டர் தலை தெரிந்ததுமே, “வந்துட்டான்டி பாவி!” என்று குரல்கள். அவர் கதாநாயகிக்கு மருந்து நீட்டினார். “குடிக்காதடி!” என்று எட்டுப் பேர் எழுந்தார்கள். அவள் குடித்தாள். சாகவில்லை. எல்லாரும் பின்னால் நின்றிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“வெஷம் மெதுவாத்தான் வேலை செய்யும்” என்றேன்.

கடைசியில் போலீஸ் வந்து கண் தெரியாத அத்தைக்கு விலங்கு மாட்டியது. (கண் நன்றாகவே தெரியுமாம்.)

அஞ்சலையம்மாள் எழுந்தார். “படம் தப்பு! ரீலை மாத்திப் போட்டுட்டானுங்க! டாக்டரைப் புடிக்கிற ரீலைப் போடு!”

ஆபரேட்டர் உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். முசே ஓடி வந்தார்.

“டாக்டர்னு எவன் சொன்னது?”

அத்தனை கைகளும் என்னைக் காட்டின.

“முசே, கொட்டா நெறைஞ்சுடுச்சுங்களே...”

“நெறைஞ்சுது. இப்ப காலியாவ மாட்டேங்குது. நீ மொதல்ல போ.”

வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டம் ஒருவழியாகக் கலைந்தபோது அஞ்சலையம்மாள் வந்தார்.

“வேலை போச்சா?”

“போச்சு.”

“நெசமா முழுசும் படிச்சியா?”

“கடைசிப் பதினாறு பக்கம் இல்லம்மா.”

ஏற இறங்கப் பார்த்தார். “காலைல கூடை தூக்க வந்துடு. வாயத் தொறக்காத வேல.”

நான்கு வருஷம் கூடை தூக்கி அவருக்கே மருமகனானேன். அந்த வீட்டில் எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும் “டாக்டர்தான்!” என்பார்கள். பூனை வாயில் மீனோடு நின்றாலும் டாக்டர்தான். பிற்பாடு என் மகளைப் பெண் பார்க்க வந்த பையன் நிஜ டாக்டராக வாய்த்தான்.

“எதுக்கும் எங்க மருமவனை ஒரு வார்த்த கேட்டுக்குங்க. டாக்டருங்களப் பத்தி அவருக்குத்தான் தெரியும்” என்றார் என் மாமியார். வந்தவர்களைத் தவிர எல்லாரும் சிரித்தோம்.

கல்யாணம் நடந்தது. இன்றும் மாப்பிள்ளை மாத்திரை கொடுத்தால் மரியாதைக்காக அவர் எதிரிலேயே விழுங்கிக் காட்டுகிறேன்.

“மெதுவாத்தான் வேலை செய்யும்!” என்று அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்.