கட்டைவிரல் பதிந்த வாள்

நாளைக் காலை நாடகம். இன்று சாயங்காலம் ராஜாவின் வாள் உடைந்தது.

உடைந்த நுனி சும்மா விழவில்லை. கூடத்தைத் தாண்டிப் பறந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தாத்தாவின் செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டு அவர் மடியில் போய் விழுந்தது. தாத்தா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கிழிந்த ஓட்டை வழியாக வாளைச் செய்த மகனைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவைதாம்ப்பா வீசினேன்," என்றாள் ராஜா. அவள் இரண்டாம் வகுப்பு; பள்ளி நாடகத்தில் ராஜா வேஷம். தலையில் அட்டைக் கிரீடம், கையில் வாளின் பிடி மட்டும்.

"பழப்பெட்டிப் பலகைன்னா அப்படித்தான்மா. வேற நல்ல மரமாப் பார்க்கறேன்," என்றார் அவள் அப்பா. அவர் தபால் ஆபீஸ் குமாஸ்தா. முத்திரை குத்துவதில் சூரர். ரம்பத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொடுகிறார்.

சமையலறையிலிருந்து மனைவி தலையை நீட்டினாள். "தெருமுனையில வேஷச் சாமான் கடை இருக்கு. மரவாளா அழகழகாத் தொங்குது. ஒண்ணு வாங்கிட்டு வந்தா வேலை முடிஞ்சுது."

"கடை வாளா? எங்கப்பா எனக்குக் கடையிலயா வாங்கிக் கொடுத்தார்? தன் கையால செஞ்சார்! என்னப்பா, சொல்லுங்க!"

தாத்தாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

குமாஸ்தாவுக்கு அந்த நாள் நேற்று நடந்தது போல இருந்தது. அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வந்தார். கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய நீளப் பொட்டலம். "வாத்தியார் ரூம்லயே உட்கார்ந்து செஞ்சேன்டா" என்று நீட்டினார். பிரித்தால், வெள்ளி பெயிண்ட் மின்ன ஒரு மரவாள்! நுனிக்குக் கொஞ்சம் கீழே, பெயிண்ட் காய்வதற்குள் அழுந்திவிட்ட அப்பாவின் கட்டைவிரல் ரேகை. நாடகம் முடிந்த பிறகும் அந்த வாள் பல வருஷம் குமாஸ்தாவின் தலையணைப் பக்கத்திலேயே கிடந்தது. தூக்கம் வராத போதெல்லாம் அந்த ரேகையில் தன் விரலை வைத்துப் பார்ப்பார். சுற்றிலும் இடம் மிச்சமிருக்கும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவது போல இருக்கும். வீடு மாறியபோது வாள் எங்கேயோ தொலைந்து போனது. இன்றைக்கு நினைத்தாலும் கண் கலங்கும்.

தன் மகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

நல்ல மரம் தாத்தாவின் கட்டிலில் இருந்தது. மெத்தைக்கு அடியில் வரிசையாகச் சட்டங்கள். ஒன்று போனால் கட்டிலுக்கு என்ன குறைந்துவிடும் என்று நடுச்சட்டத்தை உருவினார். சாப்பாட்டு மேஜைமேல் வைத்து அறுத்தார். சட்டம் அறுபட்டது. மேஜையின் ஓரமும் கூடவே கொஞ்சம் அறுபட்டது.

"ரம்பம் சரியில்ல," என்றார்.

"ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் மனைவி.

நுனி இடது பக்கம் சாய்ந்திருந்தது. இடது பக்கம் சீவினார். வலது பக்கம் சாய்ந்தது. அதையும் சீவினார். மறுபடியும் இடது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான பிறகுதான் நிமிர்ந்தார்.

ராஜா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இது வாளா, பென்சிலா?"

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே 'தடால்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மெத்தை நடுவில் மடங்கி, தாத்தாவின் தலையும் பாதங்களும் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஐயையோ! அடி பட்டுச்சாப்பா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ பேசாம அந்தக் கடைக்கே போயேன்டா," என்றார் தாத்தா பள்ளத்திலிருந்து.

"நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

கட்டிலுக்குச் சட்டம் வேண்டுமே! சமையலறை அலமாரியிலிருந்து ஒரு பலகையைக் கழற்றினார். அதிலிருந்த டப்பாக்களையெல்லாம் தரையில் இறக்கி வைத்தார். இது தெரியாமல் மனைவி திரும்ப, மாவு டப்பா உருண்டு, அடுப்பு முதல் வாசல்படி வரை வெள்ளையடித்தது. பலகையோ கட்டிலைவிட ஒரு சாண் நீளம்.

"ஒரு சாண்தானே, இதோ அறுத்து..."

"ரம்பத்தைக் கீழ வைங்க," என்றாள் மனைவி. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தான் அவர் உடனே வைத்துவிட்டார். "முதல்ல குழந்தை முகத்தைப் பாருங்க."

ராஜா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "பரவாயில்லப்பா. நான் குடையை வெச்சுக்கிட்டு சண்டை போடறேன்."

குமாஸ்தா அவள் கிரீடத்தை நேராக வைத்தார். "ஆணி வாங்கிட்டு வந்துடறேன்," என்று செருப்பை மாட்டினார்.

ஆணிக் கடையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே தெருமுனைக் கடை.

"இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன் சார். நுனியெல்லாம் காஞ்சிருச்சு, பிடி கிட்ட மட்டும் ஈரம். கை பட்டுடாமப் பார்த்துக்குங்க," என்றார் கடைக்காரர்.

வெளியே வந்ததும் குமாஸ்தா திருடனைப் போல இரண்டு பக்கமும் பார்த்தார். பிடிக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "அப்பா, என்னை மன்னிச்சுடுங்க," என்று முணுமுணுத்தார். ஒரு பழைய செய்தித்தாளை வாங்கி வாளைச் சுற்றினார்.

வீட்டுக்கு வந்து, "பக்கத்துத் தெரு தச்சுப் பட்டறையில உட்கார்ந்து நானே செஞ்சேன்!" என்று நீட்டினார்.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள் மனைவி.

"நல்ல ரம்பம்," என்றார்.

ராஜா பொட்டலத்தைப் பிரித்தாள். "ஐ!" என்று அவள் போட்ட கூச்சலில் கிரீடம் நழுவிக் கழுத்தில் விழுந்தது. பிறகு வாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். "அப்பா, இங்க பாருங்க, உங்க விரல்!" தன் விரலை அதன்மேல் வைத்தாள். "என் விரல் உள்ளயே அடங்கிடுச்சு. சுத்தி இன்னும் இடம் இருக்குப்பா!"

குமாஸ்தாவின் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமா, வெட்கமா, அவருக்கே தெரியவில்லை. நாற்பது வயதில் பொய் சொல்லிவிட்டு, எழுந்து வந்து ஜன்னலோரம் நின்ற அப்பா பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

ராஜா கண்ணாடி முன்னால் சண்டை போட ஓடினாள். மனைவி மாவைக் கூட்டப் போனாள்.

"இங்க வாடா," என்றார் தாத்தா.

மகனின் கையைப் பிடித்து, வெள்ளி பெயிண்ட் ஒட்டியிருந்த கட்டைவிரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கூடத்தில் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, காதோரம் குனிந்தார்.

"பிடி கிட்ட வெச்சா கை பட்டுப் பட்டு அழிஞ்சிடும்டா, நுனியிலதான் வெக்கணும். எனக்குக் கடைக்காரர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்."