மாட்டுக்கு மட்டும் மரியாதை

மாட்டை ‘வாங்க, போங்க’ என்று அழைத்தவர் சேலம் ஜில்லாவிலேயே ஒருவர்தான். எங்கள் ‘ஏனுங்க’ புரொபசர். எழுபதுகளில் ராசிபுரம் பக்கத்துக் கறவை மாட்டு ஆராய்ச்சிப் பண்ணைக்கு மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்தார். “இந்தப் பக்கம் ‘ங்க’ போடாமப் பேசுனா கோவிச்சுக்குவாங்கோ” என்று வாட்ச்மேன் முதல் நாளே எச்சரித்திருக்கிறார். யார் கோபித்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. புரொபசர் மாடுகள்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

“ஏனுங்க, அந்தக் காலைக் கொஞ்சம் நகத்துங்க” என்று பசுவிடம் குழைவார். அதே மூச்சில், உதவியாளர்களான எங்கள் பக்கம் திரும்பி, “டேய் தடியா, என்னடா வேடிக்கை? கையுறையை எடுடா!” என்பார். டாக்டர் பட்டம் வாங்கியவனுக்கும் ‘டா’தான், சாணி அள்ளுகிறவனுக்கும் ‘டா’தான். அந்த விஷயத்தில் பாரபட்சமே கிடையாது.

அவருடைய ஆராய்ச்சி, நம்மூர்ப் பசுவுக்குச் சீமைக் காளையின் சினை ஊசி போட்டு நல்ல கறவை இனம் உண்டாக்குவது. ஊரில் ஒருவரும் தொழுவத்தைத் திறக்கவில்லை. கடைசியில் இசைந்தவர் பாவாயியக்கா. ராசிபுரம் நெய் வியாபாரிகளுக்கு வெண்ணெய் கொடுப்பவர்.

முதல் நாள், காளையின் விந்தைப் பனிக்கட்டிக்குள் வைத்த பிளாஸ்க்கோடு போய் இறங்கினோம்.

“ஏனுங்க வாத்தியாரே, காப்பி கையோட கொண்டாந்துட்டீங்களாக்கு? எங்கூட்டுக் காப்பி ஆவாதுங்களா?”

“இதுல இருக்கறது காளைம்மா.”

பாவாயியக்கா பிளாஸ்க்கைப் பார்த்தார், புரொபசரைப் பார்த்தார். “இதுக்குள்ளயா?” என்று கேட்டுவிட்டு எட்டவே நின்றுகொண்டார்.

புரொபசர் தொழுவத்துக்குள் நுழைந்து, “கொஞ்சம் திரும்பி நில்லுங்க, பயப்படாதீங்க” என்றார். பசு அசையவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவின் வீட்டுக்காரர் பணிவாகத் திரும்பி நின்றார். “உன்னை இல்லைய்யா!” என்று புரொபசர் கத்திய பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

ஊசி பலித்து, பத்தாம் மாதம் கிடேரிக் கன்று பிறந்தது. முதுகில் திமில் இல்லை. ஊரே கூடிச் சிரித்தது. “மாடுங்களா, கழுதைங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பாவாயியக்காவின் கவலை வேறு.

“திமிலு கெடந்துட்டுப் போவுதுங்க. நாளைக்கு இது பாலு தண்ணியாட்டம் இருந்து வெண்ணெ தெரளலைன்னா, ராசிபுரத்து ஏவாரிக மொகத்துல எப்படிங்க முழிக்கிறது?”

“திரளலைன்னா நான் அடுத்த பஸ்ல மூட்டை கட்டறேம்மா” என்றார் புரொபசர். விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்த வெண்ணெய் பொய்த்தால் இன்னொரு தொழுவம் திறக்காது, அவர் ஆராய்ச்சியும் அத்தோடு சரி.

கிடேரி வளர்ந்து, சினையாகி, ஈனும் வரை வாரம் தவறாமல் போய், “உடம்புக்கு எப்படி இருக்குதுங்க?” என்று அதனிடம் விசாரித்தார். சீம்பால் நாளெல்லாம் கழிந்து, ஒரு காலையில் பாவாயியக்கா தயிரில் மத்தை வைத்தார். வாசலில் ஊர் நின்றது. புரொபசர் மட்டும் தொழுவத்தில், பசுவின் கழுத்தைத் தடவியபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மத்துச் சத்தம் நின்றது.

“வாத்தியாரே! வந்து பாருங்க சாமி, ஒரு கையில அடங்க மாட்டீங்குதுங்க!”

ஊரே வெண்ணெயைப் பார்க்க ஓடியது. புரொபசர் பசுவைக் கும்பிட்டு, “ரொம்ப நன்றிங்க” என்றார். உலகத்தில் எத்தனையோ புரொபசர்கள் இருக்கலாம். இவர் எங்கள் புரொபசர்.

அப்புறம் எடப்பாடி, மேச்சேரி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வந்தது. திமில் இல்லையே என்று கேட்பதை மறந்து, ஊசி எப்போது என்று கேட்டார்கள். அந்தப் பெருமையில் நாங்களும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தோம், திட்டு வாங்கியபடியேதான்.

எண்பதுகளின் நடுவில் ஓய்வு பெற்றார். மேடையில் எல்லாரும் புகழ, அவர் மைக் சரியில்லை என்று எங்களை நாலு ‘டா’ போட்டுவிட்டு உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பாவாயியக்கா ஒரு தூக்கு நிறைய நெய்யோடு வந்திருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் அமர்ந்த புரொபசர் எங்களைப் பார்த்தார்.

“டேய்...” என்று ஆரம்பித்தார். நிறுத்திவிட்டு, தூக்கின் மூடியை அழுத்தி மூடினார்.

“வாரேனுங்க.”

பஸ் போய்விட்டது. எங்களை யாரும் முளையில் கட்டிப்போடவில்லை. ஆனாலும் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.