கொக்கா, மாடா?

எதையும் தனியாக ரசிக்கத் தெரியாத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. ஒப்பீட்டாளர் இனம். இவர் கையில் ஒரு மாம்பழத்தைக் கொடுத்துப் பாருங்கள். வாயில் வைக்க மாட்டார். இன்னொன்று எங்கே என்று கேட்பார்.

சிங்காநல்லூரில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருந்த லட்சுமிநாராயணன் இந்த இனத்தில் நன்றாக வளர்ந்தவர். கோவைக் காபியை ஈரோட்டுக் காபியோடும், மூத்த மருமகனை இளைய மருமகனோடும், போன வருஷத்து மழையை இந்த வருஷத்து மழையோடும் ஒப்பிட்டு, கடைசியில் இரண்டிலும் ஏதோ குறைகிறது என்று பெருமூச்சு விடுவார். அவர் மனைவி பங்காரம்மா இட்லிக்கு இரண்டு சட்னி அரைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். ஒரே சட்னி. சாப்பாடு நிம்மதியாக முடியும்.

இப்படிப்பட்டவர் கவிதைப் பக்கம் வராமல் இருப்பாரா? தொண்ணூறுகளின் நடுவில், வீதிக்கு நாலு கவிஞர்கள் இருந்த காலம் அது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடிய கவிதை வட்டத்துக்கு லட்சுமிநாராயணன்தான் நிரந்தர நடுவர். ஒருமுறை சென்னைப் பத்திரிகை ஒன்று, பொங்கல் மலருக்காக வட்டத்திடம் ஒரே ஒரு கவிதை கேட்டிருந்தது. செயலாளர் நஞ்சுண்டன், பாரபட்சம் வந்துவிடக் கூடாதென்று, வந்தவற்றில் நல்லதாக இரண்டை எடுத்து, எழுதியவர் பெயர் சொல்லாமல் வாசித்தார். முதலாவது:

ஏரியில் தண்ணீர் வற்ற வற்ற
கொக்குக்குக் கால் நீள்கிறது.
மீனுக்கு
வானம் கிட்டே வருகிறது.

இரண்டாவது:

விற்ற மாடு
புதுக் கயிற்றில் போய்விட்டது.
பழைய கயிறு
இன்னும் என் கையை இழுக்கிறது.

நடுவர் எழுந்தார். தண்ணீர் குடித்தார். கொக்கு என்பது முதலாளி என்றார். மீன் தொழிலாளி. வானம்? வானத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார். பிறகு, கொக்கின் காலை மாட்டின் காலோடும், ஏரியைச் சந்தையோடும், நாலு வரியை நாலு வரியோடும் எடைபோட்டு, டீ ஆறி ஆடை கட்டிய பிறகு தீர்ப்புக்கு வந்தார். கொக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரியைப் பார்த்த ஒரு பெண்மணியின் மென்மையான கற்பனை. மாடு, காங்கேயத்துப் பக்கம் சாணியிலும் புழுதியிலும் உழன்ற ஓர் ஆண்பிள்ளையின் அனுபவம். மென்மை நல்லதுதான், ஆனால் மலருக்கு அனுபவமே போக வேண்டும்.

பின்வரிசையிலிருந்து சாஜிதா பேகம் எழுந்தார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். வட்டத்துக்குச் சில மாதங்களாக வந்துகொண்டிருந்தாலும் வாய் திறந்ததில்லை. தன் எழுத்து தேறுமா என்று யாராவது சொல்லக் கேட்கவே வந்தவர்; இன்றைக்கும் தெரியாவிட்டால் எழுதுவதையே விட்டுவிடுவது என்ற முடிவோடு பஸ் ஏறியிருந்தார்.

"ஏனுங்க, ரெண்டும் நான் எழுதுனதுங்க. அத்தா காங்கேயத்துல மாட்டை வித்தப்ப நானும் கூடப் போயிருந்தனுங்க."

ஆமாம் என்று நஞ்சுண்டன் தலையசைத்தார். வேறு யாராக இருந்தாலும் மாடிப்படியைத் தேடியிருப்பார்கள். நம்மவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் மறுபடியும் ஒப்பிட வேண்டும் என்றார். ஒப்பிட்டார். இப்போது மாட்டில் அனுபவம் குறைந்துபோயிருந்தது. சாணி வாசனை போதவில்லை. கொக்கில் புதிதாக ஒரு துணிச்சல் தென்பட்டது.

சாஜிதா பேகம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். குரலில் கோபமில்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. வாசிச்சப்ப உங்க மனசுல எது பட்டுச்சுங்க?"

லட்சுமிநாராயணன் கூரையைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், பாவம்.

"வாசிச்சப்பங்களா? அப்ப நான் ஒப்பிட்டுட்டு இருந்தனுங்க, அம்மணி."

மாடியே சிரித்தது. சாஜிதா பேகம் சிரிக்கவில்லை. கயிற்றுக் கவிதை முடிந்ததும் அறையில் ஒரு கணம் நாற்காலிகூட அசையவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். மறுமுனை பேசாமலிருந்தால் அது லைன் அறுந்த மௌனமா, ஆள் கேட்டுக்கொண்டிருக்கும் மௌனமா என்று கண்டுபிடிப்பது அவருக்கு அன்றாட வேலை. மாட்டையே அனுப்பிவிடும்படி நஞ்சுண்டனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மலரில் கவிதை வந்தது. லட்சுமிநாராயணன் கடைக்கு வாஷர் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டி, தான் ஒப்பிட்டுக் கொடுத்ததால்தான் இது வெளியே தெரிந்தது என்றார். சாஜிதா பேகம் மறுக்கவில்லை. அவர் அடுத்த கவிதையில் இருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், வாசகரே. ஆனால் ஒன்று சொல்லுங்கள். அந்த மீன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் அதன் பக்கத்தில் கொஞ்சமாவது நின்றீர்களா? இல்லை, அடுத்தது எப்படி என்று பார்க்க ஓடி, இரண்டையும் படித்த கையோடு ஒன்றுக்குக் கூடுதலாக மார்க் போட்டுவிட்டீர்களா?

கொக்குக்கா, மாட்டுக்கா என்று நான் கேட்கவில்லை.